பங்களாப் புல்வெளியில் காய்ந்த கம்பளிகள்

பவளம் மிஸ்ஸி இறந்துபோன செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி அடித்து, பிள்ளைகள் ஒரு பிஸ்கட்டை நாலாக உடைத்துக்கொண்டு நின்ற நேரம். எங்கள் தோட்டத்துக் குழுவில் அவளுடைய படம், பக்கத்தில் எரிகிற மெழுகுவர்த்தி, அடியில் 'மலையகத்தின் மாணிக்கம் மறைந்தது' என்று ஒரு வரி. படத்தைப் போட்டது யார் என்று பார்த்தேன். எங்கள் தோட்டத்துச் சங்கத் தலைவர். இந்தப் பெண்ணை இங்கிருந்து மாற்றுங்கள் என்று மேலிடத்துக்குப் போன பெட்டிஷனில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்ட அதே மனிதர். அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. அதை மறைத்து எழுதப்போவதில்லை. இதைப் படிக்கிற உங்களில் பலர் அவளோடு பழகியவர்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இனிக்க இனிக்க எழுதினால் அவள் பெட்டிக்குள்ளிருந்து எழுந்து வந்து என்னைத் திட்டுவாள் என்று உங்களுக்கே தெரியும்.

நானும் அவளும் அக்கரப்பத்தனைப் பக்கத்தில் ஒரே தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, ஒரே வகுப்பில் படித்தவர்கள். நான் படித்த பள்ளிக்கே டீச்சராக வந்தேன். அவள் அரசாங்க மருத்துவமாதுவாக வந்தாள். தாதியானாலும் மருத்துவமாதுவானாலும் எங்கள் பக்கத்தில் 'மிஸ்ஸி'தான். பிரசவம், தடுப்பூசி, பிள்ளைகளின் எடை, இவைதான் அவளுக்குக் கொடுத்த வேலை. பிள்ளைகளின் சொறி சிரங்கை யாரும் அவளுடைய வேலை என்று சொல்லவில்லை. அதை அவளாகத்தான் எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

சாவு வீட்டில் கட்டியிருந்த பேனரில் 'அமைதியின் வடிவம்' என்று அச்சடித்திருந்தார்கள். அமைதியா? அவளா? மேல் கணக்கில், அதாவது தோட்டத்தின் மேல் பிரிவில், அவள் பேசினால் கீழ் கணக்கில் கொழுந்து பறிக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அடை மழையிலும் சேலை மடிப்புக் கலையாமல் வருவாள். சேறு தெறித்தால் சேற்றையே திட்டுவாள். 'மிஸ்ஸி, நீங்க சாமி மாதிரி' என்று யாராவது கும்பிட்டால் எரிந்து விழுவாள். "சாமின்னு சொல்லி என்னைய கோயில்ல வச்சிப் பூட்டிடலாம்னு பாக்குறீங்களா? நாளைக்குக் கிளினிக்குக்கு வாங்க, அது போதும்" என்பாள்.

ஒருநாள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பார்க்க வந்தவள், மூன்றாம் வகுப்பில் சன்னலோரம் தனியாகக் கிடந்த வாங்குப் பலகையைக் கண்டாள். அதில் கை கால் முழுக்கப் புண்ணாக சில பிள்ளைகள். அப்போதிருந்த பள்ளிக்கூட அதிபர், வெளியிலிருந்து வந்தவர், ரொம்பப் பெருமையாகச் சொன்னார்: "மற்றப் பிள்ளைகளுக்குத் தொத்தக் கூடாது பாருங்க, அதுதான் பிரிச்சு வச்சிருக்கிறேன்." பவளம் நேரே போய் அந்த வாங்கின் நடுவில் உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்த பெண் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அந்தப் பிள்ளை தர்ஷினி. தன்னைத் தொட்டதே அதிசயம் என்பதுபோல் மிஸ்ஸியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சேர், சொறி புள்ளைக்கு வந்ததில்ல, லயத்துக்கு வந்தது. நீங்க போயி அந்த லயத்தத் தூக்கி வெளியில வைங்க. அப்பறம் நான் புள்ளைய வெளியில வைக்கிறேன்" என்றாள்.

அதிபர் சிரிக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. அன்று மாலையே நானும் உப அதிபரும் அந்த வாங்கைப் பழைய இடத்தில் கொண்டுபோய்ப் போட்டோம். அதிபர் ஒரு வாரம் எங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவள் சொன்னதன் அர்த்தம் லயத்தில் படுத்து எழும்பியவர்களுக்கு விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் காம்பராக்கள். ஒவ்வொரு காம்பராவிலும் ஒரு குடும்பம். குளிருக்கு ஒரே கம்பளிக்குள் நாலு பிள்ளைகள். சொறி என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி தோலுக்குள் குழி பறித்து முட்டை போடுகிற வேலை. மருந்து இருக்கிறது, நல்ல மருந்து. ஆனால் டிஸ்பென்சரியில் அரிக்கிற பிள்ளைக்கு மட்டும் ஒரு போத்தல் கொடுத்து அனுப்புவார்கள். அந்தப் பிள்ளைக்குச் சுகமாகும். கம்பளியில் பூச்சி இருக்கும், தம்பியிடம் இருக்கும், அடுத்த காம்பராவில் சேர்ந்து விளையாடுகிற பிள்ளையிடம் இருக்கும். மறுபடி வந்து ஒட்டிக்கொள்ளும். லயம் முழுக்க ஒரே நாளில் மருந்து பூசி, ஒரே நாளில் துணி கம்பளி எல்லாவற்றையும் சுடுதண்ணீரில் போட்டால்தான் அது ஒழியும். அதற்குத் தண்ணீர் வேண்டும். எங்கள் லயத்துக்கு வருகிற குழாயில் வாரத்தில் பாதி நாள் காற்றுதான் வந்தது.

இந்த நிலைமையில் நகரத்திலிருந்து ஒரு குழு வந்து லயத்து முன்திண்ணையில், இஸ்தோப்புச் சுவரில், போஸ்டர் ஒட்டியது. 'தினமும் குளிப்போம், சுத்தமாக இருப்போம்.' படத்தில் ஒரு வெள்ளைத் தோல் பிள்ளை ஷவருக்குக் கீழே நின்று சிரிக்கிறது. பவளம் அந்தக் குழுவை நிறுத்தி வைத்துக் கேட்டாள்: "எதுல குளிக்கிறது? இந்தப் போஸ்டரையா தேச்சிக்கிறது?" அவர்கள் தாங்கள் வந்த வாகனத்தைப் பார்த்து நடந்துவிட்டார்கள். ஏழைப் பிள்ளைக்கு அரித்தால் அழுக்கு என்று சொல்ல எத்தனை பேர் மலையேறி வருகிறார்கள்! குழாயைத் திறந்து பார்க்க ஒருவர் வருவதில்லை.

தர்ஷினியின் புண்கள் ஒருநாள் சீழ் பிடித்தன. அவளுடைய அம்மா பாக்கியம் அதை அம்மை என்று நினைத்துவிட்டாள். எங்களுடைய ஆட்களுக்கு அதுதான் முதலில் தோன்றும். உடம்பில் கொப்புளம் கண்டால் ஆத்தா வந்திருக்கிறாள். ஆத்தா வந்த வீட்டில் மருந்து கூடாது, குளிப்பு கூடாது, வெளியாள் உள்ளே போகக் கூடாது. எங்கள் குளிரில் வேம்பு எங்கே வளரப்போகிறது? கீழ்நாட்டுக்குப் போய்வந்த லொறிக்காரரிடம் சொல்லி ஒரு கொத்து வேப்பிலை வாங்கி வாசலில் செருகியிருந்தாள். பவளம் போனபோது அந்தக் கொத்து காய்ந்து சுருண்டு கிடந்தது. அவள் படியைத் தாண்டவில்லை. வாசலில் நின்றபடியே குரல் கொடுத்தாள்.

"பாக்கியம், ஆத்தா வந்தா முகத்துல வருவா, நெஞ்சுல வருவா. விரல் இடுக்குலயா வந்து ஒக்காருவா?"

"மிஸ்ஸி, அப்பிடியெல்லாம் பேசாதீங்க. ஆத்தா கோவிச்சுக்குவா."

"ராத்திரியானா மட்டும் அரிக்கிற ஆத்தாவ நான் பாத்ததில்லடி. சரி, புள்ள ஒண்ணுக்குப் போறது என்னா நெறத்துல இருக்கு?"

 பாக்கியம் உள்ளேயிருந்து மெல்லச் சொன்னாள்: "பால் ஊத்தாத பிளேன்டீ மாதிரி."

அதற்குப் பிறகு பவளம் ஆத்தாவிடமும் கேட்கவில்லை, பாக்கியத்திடமும் கேட்கவில்லை. உள்ளே போனாள். பிள்ளையின் முகம் ஊதி, கண் இரண்டும் மூடியிருந்தது. சொறிப் புண்ணில் சேர்ந்த கிருமியின் வேலை கடைசியில் சிறுநீரகத்தில் போய் நிற்கும் என்று அவள் எங்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். நாங்கள் பயமுறுத்துகிறாள் என்று நினைத்திருந்தோம். அன்று பிள்ளையைக் கம்பளியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, கொழுந்து லொறியை மறித்து ஏறி, நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

தர்ஷினி பிழைத்து வந்தாள். வீக்கம் வடிந்து, தோல் ஆறி, தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, மறுபடி விரல் இடுக்கைச் சொறிய ஆரம்பித்தாள். பாக்கியம் கிளினிக்கில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"எம்புள்ளைக்கு மட்டும் என்னா சாபம் மிஸ்ஸி? இன்னொரு தடவ வந்தா தாங்குமா?"

"சாபமும் இல்ல, மண்ணும் இல்ல. அதே லயத்துலதானே படுக்குது" என்றாள் பவளம்.  அவள் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். இன்னொரு தடவை வந்தால் அந்தச் சிறுநீரகம் தாங்குமா என்று அவளுக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவார்கள். காப்புக்கு முதல் நாள் ஒரு வீடு பாக்கியில்லாமல் கழுவி மெழுகி, பாய், துணி, கம்பளி எல்லாம் துவைத்து, தலை முழுகிச் சுத்தமாகிவிட வேண்டும். தோட்டத்தை நடத்துகிற துரை சொன்னாலும் தலைவர் சொன்னாலும் ஒன்றுசேராத சனம் அன்று ஒன்றுசேரும். பவளம் நேரே பூசாரியிடம் போனாள்.

"ஐயா, காப்புக்கு முதல் நாள் எல்லாரும் தலைமுழுகுறாங்கள்ல? அதுக்கு முந்தின நாள் பொழுது சாய எல்லாரும் இந்த மருந்தப் பூசிக்கட்டும். கடைசி நாள் மஞ்சத்தண்ணி ஊத்தி வெளையாடுறதுக்கு முந்தி இன்னொரு வாட்டி பூசுனாப் போதும். நீங்க சொன்னா கேப்பாங்க."

பூசாரி தாடியைத் தடவினார். "ஆத்தாவுக்கு வேண்டியது சுத்தம்தானே தாயி. நான் தப்படிச்சுச் சொல்லச் சொல்றேன்" என்றார். அம்மன் பேரைச் சொல்லி மருந்தை ஒதுக்கிய சனத்திடம் அம்மன் பேரைச் சொல்லியே மருந்து போய்ச் சேர்ந்தது. சுகாதார அலுவலகத்தில் மல்லுக்கட்டி, லயம் முழுமைக்கும் போதுமான போத்தல்களை அவள் வாங்கி வந்தாள். கைக்குழந்தைகளுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் வேறு மருந்து.

அந்தச் சாயங்காலம் லயம் இருந்த இருப்பை எப்படி மறப்பது? வெள்ளை வெளேரென்ற மருந்து, மூக்கைத் துளைக்கிற வாசம். கழுத்துக்குக் கீழே ஓர் இடம் விடக் கூடாது என்று பவளத்தின் கட்டளை. புண் இருந்த பிள்ளைகள் 'எரியுது, எரியுது' என்று கையை விசிறிக்கொண்டு ஓடினார்கள். வெட்கப்பட்ட ஆம்பிளைகளை ஒரு காம்பராவுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தி, "ஒருத்தர் முதுக ஒருத்தர் பூசுங்கய்யா, ஒண்ணும் கொறஞ்சிட மாட்டீங்க" என்று வெளியே நின்று சத்தம் போட்டாள். உள்ளேயிருந்து ஒரே சிரிப்பு. "மிஸ்ஸி, ஒங்க முதுகுக்கு யாரு?" என்று ஒரு கிழவி கேட்டாள். பவளம் என் கையில் போத்தலைத் திணித்தாள். அவளும் பூசிக்கொண்டாள், நானும் பூசிக்கொண்டேன்.

விடிந்ததும் குழாயைத் திறந்தார்கள். ஒரு சொட்டு இல்லை. மேலே மலையூற்று விழுகிற பீலியும் காய்ந்து கிடந்தது. காரணம் கேட்டால் வயிறு எரியும். பழைய துரை பங்களாவைச் சுற்றுலாக்காரர்கள் தங்குகிற விடுதியாக மாற்றியிருந்தார்கள். அன்று அங்கே வெள்ளைக்காரர்கள் வந்திருந்தார்கள். அவர்கள் குளிக்கிற தொட்டிகளை நிரப்பவும், புல்லுக்குத் தெளிக்கவும் எங்கள் குழாயை மேலேயே அடைத்திருந்தார்கள். இங்கே மருந்து பூசிய உடம்போடு ஒரு லயமே நிற்கிறது. வாசலெல்லாம் அவிழ்த்துப் போட்ட கம்பளிகள்.

தலைவர் வந்தார். "தொரைகிட்ட பேசியிருக்கேன். ரெண்டு நாள் பொறுத்துக்குங்க" என்றார்.

"ரெண்டு நாள்ல பூச்சி பொறுத்துக்குமா தலைவரே?" என்றாள் பவளம். "நாளைக்குக் காப்பு. அந்தப் புள்ளைய இன்னைக்கும் இந்தக் கம்பளியிலயா படுக்க வைக்கிறது?"

தலைவர் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு அப்பால் போனார். யாரோடு பேசினாரோ தெரியாது. பவளம் குனிந்து பாக்கியத்தின் கம்பளியைச் சுருட்டித் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள். அந்த வெள்ளைச் சேலையோடு பங்களா ரோட்டில் நடக்க ஆரம்பித்தாள். யாரையும் கூப்பிடவில்லை. பின்னால் யார் வருகிறார்கள் என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பாக்கியம் முதலில் போனாள், பிறகு நான். முதல் வளைவில் திரும்பிக் கீழே பார்த்தபோது ரோடு முழுக்கக் கம்பளி மூட்டைகள் ஏறி வந்துகொண்டிருந்தன.

விடுதி மேலாளர் டை கட்டிக்கொண்டு ஓடிவந்தார். சிங்களத்தில் கத்தினார்: இது விருந்தாளிகள் இருக்கிற இடம், வெளியே போங்கள். பவளமும் சிங்களத்திலேயே பதில் சொன்னாள், மிக மரியாதையாக: "மஹத்தயா, நாங்கள் உங்களிடம் ஒன்றும் கேட்டு வரவில்லை. எங்கள் தண்ணீர் இங்கே வந்திருக்கிறதாம். அதைப் பார்க்க வந்தோம்." சொல்லிவிட்டுப் புல்வெளிக் குழாயைத் திறந்தாள். என்ன வேகம் அந்தத் தண்ணீருக்கு! கம்பளியிலிருந்து கறுப்பாக ஓடியது. பங்களாச் சமையல்காரர் எங்கள் லயத்து மருமகன்தான். அவர் சமையலறையிலிருந்து வாளி வாளியாகக் கொதிநீரைக் கொண்டுவந்து பின்படியில் வைத்தார். மத்தியானத்துக்குள் குரோட்டன் வேலியில், வெள்ளை நாற்காலிகளில், ரோஜாச் செடிகளின் மேல் எங்கும் எங்கள் கம்பளிகள் காய்ந்தன. ஒரு வெள்ளைக்கார அம்மா படம் எடுத்தாள். பவளம் மடிப்பைச் சரிசெய்துகொண்டு அந்தப் படத்துக்கு நின்றாள்.

காப்புக் கட்டினார்கள். மஞ்சள் நீர் நாளோடு இரண்டாவது தடவை மருந்தும் முடிந்தது. லயத்தில் சொறிச் சத்தம் நின்றது. இரவெல்லாம் பிள்ளைகள் தூங்கியதால் காலையில் எங்கள் வகுப்பில் யாரும் தூங்கி விழவில்லை. தர்ஷினி இரண்டு கையையும் விரித்து என்னிடம் காட்டினாள். "டீச்சர், பாருங்க, ஒண்ணுமில்ல" என்றாள். அந்த விரல்களைப் பார்த்து நான் வகுப்பிலேயே அழுதுவிட்டேன்.

இதற்குக் கிடைத்த பரிசு? விசாரணை. அரசாங்க உத்தியோகத்தர் விடுதியில் அத்துமீறினாராம், மக்களைத் தூண்டினாராம். முதல் கையெழுத்தைப் பற்றித்தான் சொல்லிவிட்டேனே. அவளை இறம்பொடைப் பக்கம் மாற்றினார்கள். அவளுடைய இடத்துக்கு யாருமே வரச் சம்மதிக்காததால் பிறகு திரும்ப அனுப்பினார்கள். தண்ணீருக்கு மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. பங்களாவுக்குப் போய் மிஞ்சினால் லயத்துக்கு. ஆகவே சொறியும் திரும்பி வந்தது, வேறு பிள்ளைகளிடம். ஒவ்வொரு வருடமும் காப்புக்கு முன்னால் அவள் மருந்தோடு நின்றாள், தண்ணீருக்காகச் சண்டை போட்டாள். சில வருடம் கிடைத்தது, சில வருடம் மழைத் தண்ணீரைப் பிடித்துச் சமாளித்தோம். சுகமாக்கக்கூடிய ஒரு நோயை ஒரு குழாய்க்காக வருடா வருடம் பிள்ளைகளின் உடம்பில் வளர்க்கிறோமே, இதற்கு யாருக்கு விசாரணை?

போன வாரம் என்னைப் போனில் கூப்பிட்டாள். "ஏ மல்லிகா, இந்த வருசத்து மருந்து வந்துருச்சு, வீட்டுல அடுக்கி வச்சிருக்கேன். தண்ணிய இந்த வாட்டி நீ கேளு. எனக்கு வாய் வலிக்குதுடி" என்றாள். விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நானும் சிரித்தேன். வலித்தது வாயில்லை, நெஞ்சு. அதை யாரிடமும் சொல்லவில்லை பாவி.

அவளைக் குளிப்பாட்ட லயத்தில் தண்ணீர் இல்லை. பெரிய மனிதர்கள் சாவுக்கு வருகிறார்கள் என்று தெரிந்ததும் தோட்ட நிர்வாகம் பவுசர் வண்டியில் தண்ணீர் அனுப்பியது. பளபளவென்று கழுவிய பவுசர், அவள் வீட்டு வாசலில். உயிரோடு தொண்டை கிழியக் கேட்டபோது வராத தண்ணீர்! தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்து, "தண்ணீருக்காகப் போராடிய தாய்" என்று தழுதழுத்தார். நான் எழுந்து நின்று, "யாரோட போராடுனாங்கன்னு சொல்லுங்க தலைவரே" என்றேன்.  அவர் ஒலிபெருக்கியைப் பக்கத்தில் நின்றவர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். சாவு வீட்டில் சத்தம் போட்டது தப்பு என்று பிறகு சிலர் சொன்னார்கள். போட்டதற்கு நான் வருத்தப்படவில்லை.

பெட்டி மயானத்துக்குப் போனதும் தோட்டத்து மேற்பார்வை உத்தியோகத்தர் கண்டாக்கையா வந்தார். "காரியம் முடிஞ்சிருச்சில்ல, பவுசர அனுப்புங்க" என்றார். பாக்கியம் போய் பவுசரின் முன் சக்கரத்துக்கு எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தாள். இப்போது உயர்தரம் படிக்கிற தர்ஷினி பின்னால் போய்க் குழாயைத் திறந்தாள். அண்டா, வாளி, பீப்பாய், பிள்ளைகள் குளிக்கிற பேசின், எல்லாவற்றையும் கொண்டுவந்து நிரப்பினார்கள். தீட்டு வீட்டைக் கழுவியது போக மிஞ்சியதில் லயத்துக் கம்பளிகள் அவிந்தன. அவள் வீட்டில் அடுக்கியிருந்த மருந்து முந்தின நாள் சாயங்காலமே எல்லார் உடம்பிலும் ஏறியிருந்தது. காப்புக்கு இன்னும் நாள் இருந்தது. பூசாரியும் தடுக்கவில்லை.

அந்தப் பவுசர் இனி வராது. வருவதற்கு இன்னொரு மிஸ்ஸி சாக வேண்டும்.

அவளுடைய குடையை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று அவள் மகள் கொண்டுவந்து நீட்டினாள். நீயே வைத்துக்கொள் தாயி என்று சொல்லிவிட்டேன். எனக்கு வேண்டியதை நான் முன்பே எடுத்துக்கொண்டேன், அது அவளுடைய கோபம். காப்புக்கு முதல் நாள் விடிந்ததும் லயத்துக் குழாயைத் திறந்து பார்ப்பேன். தண்ணீர் வந்தால் அவள் பேரைச் சொல்லித் துவைப்போம். வராவிட்டால் கிட்டத்தில் கிடக்கிற கம்பளியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு பங்களா ரோட்டில் ஏறுவேன். பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்க்க மாட்டேன்.